முதுகு சிரிக்காது

எங்கள் மெஸ்ஸுக்கு எதிரே இருக்கும் கரண்ட் கம்பத்தில் அந்த பேனரைக் கட்டியிருந்தார்கள். மேலே கொட்டை எழுத்தில் ‘புன்னகை மாறாத பொன்முகம்’. கீழே மண்டிக்கார அக்காவின் முகம். வாய் கொள்ளாத சிரிப்பு. வலது கை காது மடலைப் பிடித்திருக்கிறது. சாப்பிட வந்தவர்கள் எல்லாம் நின்று பார்த்துவிட்டு, “எவ்வளவு லட்சணமா சிரிக்கிறாங்க பாருங்க, கையைக் காதுல வச்சு ஒரு போஸ் வேற” என்று உச்சுக் கொட்டிவிட்டு உள்ளே வந்தார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு, ஏணி போட்டு ஏறி அதைக் கிழித்துப் போட்டுவிடலாமா என்று நினைத்தேன். செத்தவர் வீட்டுக் காரியம் என்பதால் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஆனால் சொல்லாமல் இருக்க முடியாது. அது புன்னகை இல்லைங்க. அக்காவுக்கு உடம்பெல்லாம் எரிந்த நாளில் எடுத்த படம் அது. எடுக்கும்போது நான் பக்கத்தில் நின்றேன். கையில் டிபன் கேரியர் இருந்தது.

அக்காவுக்கு காந்தி மார்க்கெட் பக்கத்துச் சந்து ஒன்றில் வாழை மண்டி. முசிறிப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் தார்களைக் கொண்டுவந்து இறக்குவார்கள். கடைக்காரர்கள் சுற்றி நின்று விலை கேட்பார்கள். நடுவில் அக்கா ஒரு மர நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அவருக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. கேட்கிறவர்கள் கேட்டுக்கொண்டே போக வேண்டும். அக்கா வாயே திறக்க மாட்டார். முகம் கல் மாதிரி இருக்கும். விலை நியாயத்துக்கு வந்ததும் ஒரே ஒரு தடவை பல் தெரியச் சிரிப்பார். அவ்வளவுதான், தார் முடிந்தது. அதற்குப் பிறகு பேரமும் இல்லை, பேச்சு மாற்றமும் இல்லை. “பல் தெரிஞ்சா முடிஞ்சது” என்பது அந்த மண்டியின் சட்டம். சட்டத்தை வைத்தவர் அவர்தான்.

நான் இலைக்கட்டு வாங்கப் போகிறவன். ஸ்ரீரங்கத்திலிருந்து முதல் பஸ் பிடித்து ஆற்றைத் தாண்டிப் போனால், அக்காவின் கோபத்தைப் பார்க்காமல் திரும்பிய நாள் கிடையாது. அதைக் கோபம் என்று சொன்னாலும் அதில் ஒரு ஒழுங்கு இருக்கும். தனக்காக அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. ஒரு பழக்கடைக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு விலை கேட்டார். தார் கொண்டுவந்த பெரியவர் நின்றுகொண்டிருந்தார். அக்கா காது மடலைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “வெயில்ல வளர்த்தவர் நிக்கிறாரு, நிழல்ல விக்கிறவன் உக்காந்திருக்க. ஸ்டூலுக்கே கூச்சமா இருக்காது?” அந்த ஆள் எழுந்த வேகத்தில் ஸ்டூல் சாய்ந்தது.

காதைப் பிடிப்பது அவர் வழக்கம். ஒருநாள் காரணம் கேட்டேன்.

“எனக்குக் கோபம் முதல்ல காதுலதான் தம்பி வரும். சுடும். தொட்டுப் பாத்து, ஓகோ நமக்குக் கோபம் வந்திருக்குன்னு தெரிஞ்சுக்குவேன். அப்புறம்தான் எதுக்கு வந்துச்சுன்னே யோசிப்பேன்.”

“உங்களுக்கு வர்ற கோபம் உங்களுக்கே லேட்டாத்தான் தெரியுமா அக்கா?”

“உனக்கு மட்டும் என்னவாம்? நெஞ்சு அடிச்சுக்கிட்ட பிறகுதானே பயந்துட்டேன்னு சொல்ற? உடம்பு முன்னாடி போயிடும். நாம பின்னாடி ஓடிப்போயி பேர் வைக்கிறோம்.”

எனக்கு இப்படிப்பட்ட பேச்சென்றால் உயிர். படித்தது எட்டாவது. மற்றதெல்லாம் பொட்டலம் கட்டி வந்த பேப்பரிலும் மனிதர்கள் வாயிலும் படித்ததுதான். பிறகு ஒருநாள் டாக்டர் ஒருவரும் கிட்டத்தட்ட இதையே சொன்னார். அதற்குப் பிறகு வருகிறேன்.

பசியோடு யாராவது சத்தம் போட்டால் அக்கா மதிக்கவே மாட்டார். “முதல்ல ரெண்டு இட்லி தின்னுட்டு வாய்யா. அப்பவும் கோபம் இருந்துச்சுன்னா அது கோபம். இல்லேன்னா அது உன் குடல் போட்ட சத்தம்” என்பார். சுமை தூக்குகிறவர்களுக்குள் சண்டை வந்தால் டீயும் வடையும் வாங்கிக் கொடுத்துவிட்டு, “இப்ப சண்டை போடுங்க பாப்போம்” என்று கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்துவிடுவார். வடை தின்ற வாயோடு யார் சண்டை போடுவார்கள்?

அப்படிப்பட்டவருக்குத்தான் பக்கவாதம் வந்தது.

இடது கையும் காலும் விழுந்தன. பேச்சு கொஞ்சம் குழறியது. அதெல்லாம் மெல்ல மெல்லத் தேறியது. தேறாதது வேறொன்று. நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, பக்கத்துக் கட்டிலில் இருந்த ஒரு அம்மாவை அவர் மருமகன் சத்தம் போட்டுக்கொண்டிருந்தான். மண்டிக்கார அக்கா அதைப் பார்த்தார். இப்போது கிழித்துத் தோரணம் கட்டப்போகிறார் என்று நினைத்தேன். அக்கா சிரித்தார். குலுங்கிக் குலுங்கி, கண்ணில் நீர் வர, மூச்சு வாங்கச் சிரித்தார். அந்த மருமகனும் கூடச் சேர்ந்து சிரித்தான். நர்ஸ் வந்து, “இந்த பாட்டி செம ஜாலி” என்றாள். நான் காதைப் பார்த்தேன். வலது கை மடலைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தது.

சிரிப்பு அடங்கிய பிறகு அக்கா திணறித் திணறிச் சொன்னார். “தம்பி, அவனைச் செருப்பால அடிக்கணும் போல இருக்கு. ஏன் சிரிக்கிறேன்?”

மூளை டாக்டர் ஒரு சின்ன வயசுப் பெண். பொறுமையாகச் சொன்னார். சிரிப்பையும் அழுகையையும் முகத்தில் ஓட்டுகிற இடம் மூளையின் அடித்தண்டில் இருக்கிறதாம். அது பாட்டுக்கு ஓடிவிடாமல் மேல்மூளை பிரேக் பிடித்து வைத்திருக்குமாம். இவருக்கு அந்தப் பிரேக் வயர் அறுந்துவிட்டது. மனசு கொஞ்சம் கொதித்தால் போதும், கதவு திறந்துகொள்ளும். சிரிப்பு வரலாம், அழுகை வரலாம், எது வருமென்று சொல்ல முடியாது.

“உள்ள இருக்கிற கோபம் உங்களுதும்மா. வெளிய வர்ற சிரிப்பு உங்களுது இல்ல. புத்திக்கு ஒண்ணுமே ஆகல. வீட்டு ஆளுங்ககிட்ட இதை நல்லா சொல்லிடுங்க” என்றார். அக்காவின் மகன் பக்கத்தில்தான் நின்றான். தலையை ஆட்டினான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “டாக்டரம்மா, சிரிச்சுச் சிரிச்சு உடம்பு பழகிடுச்சுன்னா, உள்ள இருக்கிற கோபமும் கரைஞ்சு போயிடுமா?”

முகமும் உடம்பும் செய்வது மனசையும் கொஞ்சம் திருப்பும், அது உண்மைதான் என்றார் டாக்டர். “ஆனா கோபம் குறைஞ்சா நல்லதுதானேம்மா?”

“நல்லா சொன்னீங்க போங்க! கோபம் போச்சுன்னா நான் என்னத்தை வச்சு யாவாரம் பண்றது?”

டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அது சிரிப்பைக் கொஞ்சம் மட்டுப்படுத்தியது. நிறுத்தவில்லை.

அன்றிலிருந்து அக்காவின் பயம் அது ஒன்றுதான். கை போனதற்கோ கால் இழுத்ததற்கோ அவர் கலங்கவில்லை. ஒவ்வொரு சிரிப்பும் அடங்கியதும் காதைத் தொட்டுப் பார்ப்பார். “சூடு இருக்கு. பொழைச்சேன்” என்பார். ஜுரம் பார்க்கிற மாதிரி தன் கோபத்தைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்ட ஒரு மனுஷியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அவர் மண்டிக்குத் திரும்பி வந்த காலையில் நடந்ததைச் சொல்கிறேன்.

முசிறிக்காரர் ஒருவர் பூவன் தார் இறக்கியிருந்தார். காற்றுக்கு முட்டுக் கொடுத்துக் காப்பாற்றிய தோட்டம். ஒவ்வொரு தாரும் ஆள் உயரம். கடைக்காரர்களில் தடித்த மீசைக்காரர் ஒருவர், கேட்கவே கூசும் ஒரு விலையைக் கேட்டார். சுண்டல் விலை. அக்காவுக்குக் குபீரென்று சிரிப்பு வந்துவிட்டது.

“பல் தெரிஞ்சிடுச்சு! முடிஞ்சது! தூக்குங்கடா!” என்றார் மீசைக்காரர்.

சிரிப்பு ஓடும்போது அக்காவால் ஒரு வார்த்தை பேச முடியாது. கை ஆட்டினார், தலை ஆட்டினார். தலை ஆட்டியதும் சிரிப்போடு சேர்ந்து சம்மதம் மாதிரியே இருந்தது. சிரிப்பு அடங்குவதற்குள் பாதித் தார் வண்டியில் ஏறிவிட்டது.

“யோவ், அது வியாதிய்யா! இறக்கி வைய்யி!” என்று நான் கத்தினேன்.

“இலை வாங்க வந்தவரு இலையைப் பாருங்க. மண்டிச் சட்டம் நாங்களா வச்சோம்? அக்கா, நீங்களே சொல்லுங்க. சிரிச்ச பிறகு பேச்சு மாறலாமா?” என்றார் மீசைக்காரர்.

அவர்களுக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும். ஆஸ்பத்திரிக்கு ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தவர்கள்தான். டாக்டர் சொன்னதை மகன் வாயாலேயே கேட்டவர்கள்தான். தெரிந்துகொண்டே, அறுந்த வயரில் கை வைத்துக் காரியம் பார்த்தார்கள். திருடனுக்காவது ராத்திரி வேண்டும். இவர்களுக்கு ஒரு நோயாளியின் முகம் போதுமாக இருந்தது.

அக்கா காது மடலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, “நான் வச்ச வழக்கம். எடுத்துட்டுப் போங்க” என்றார். முசிறிக்காரர், “விடுங்கம்மா, அடுத்த வெட்டு இருக்கு” என்றார். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தபோது அக்கா மறுபடி சிரித்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிறகு அது தினசரி வேடிக்கையாகிவிட்டது. குறைத்துக் கேட்பது, சிரிக்க வைப்பது, “முடிஞ்சது” என்பது. தோட்டக்காரர்கள் ஒவ்வொருவராக வேறு மண்டிக்குப் போக ஆரம்பித்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியுமா?

அப்படியிருக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் ஸ்ரீரங்கத்தில் அக்கா வீட்டுக்குக் கேரியரில் ரசம் சாதம் கொண்டுபோனேன். மகன், மருமகள், அக்காவின் தம்பி என்று எல்லோரும் கூடத்தில் கூடியிருந்தார்கள். மகன் பேசிக்கொண்டிருந்தான்.

“அம்மா, நாலு பேரு பாத்துச் சிரிக்கிறாங்க. எனக்கு மானம் போவுது. நீங்க வீட்டோட இருங்க. மண்டியை நான் பாத்துக்கறேன். டிவி பாருங்க, பேரப்பசங்களோட விளையாடுங்க. சரியா?”

அக்காவுக்குச் சிரிப்பு பீறிட்டது. மடலைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

“பாத்தீங்களா மாமா, அம்மா ஒத்துக்கிட்டாங்க!” என்றான் மகன்.

“அத்தை எவ்வளவு சந்தோஷமா சிரிக்கிறாங்க! அத்தை, இங்க பாருங்க” என்று மருமகள் போனைத் தூக்கிப் படம் எடுத்தாள்.

அந்தப் படம்தான் பேனரில் இருக்கிறது.

மண்டியில் மீசைக்காரர் செய்ததற்கும் கூடத்தில் இவர்கள் செய்ததற்கும் என்ன வித்தியாசம்? அங்கே தாரைத் தூக்கினார்கள், இங்கே நாற்காலியைத் தூக்கினார்கள். டாக்டர் சொன்னபோது தலையாட்டிக்கொண்டு நின்ற மகன் இவன். பெற்றவளின் முகத்தை வைத்துப் பெற்றவளையே ஏமாற்ற எப்படி மனசு வந்தது? நான் கேரியரைத் தரையில் வைத்த சத்தத்தில் எல்லோரும் திரும்பினார்கள்.

சிரிப்பு அடங்கியதும் அக்கா குழறாமல் பேசினார். ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தார்.

“டேய். என் முகம் இப்ப என் பேச்சைக் கேக்கறதில்ல. நீயாவது கேளு. எனக்கு உடம்பெல்லாம் எரியுது. நாளைக்கு மண்டிக்கு வருவேன்.”

வந்தார். மகன் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று, “இதைத் திருப்பிப் போடு” என்றார். அவன் புரியாமல் பார்த்தான். “சுவத்தைப் பாத்துப் போடுடா.”

சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். கடைக்காரர்களுக்கு அவர் கொண்டையும் ரவிக்கை முதுகும்தான் தெரிந்தன.

“இன்னியிலேர்ந்து பல் கணக்குக் கிடையாது. விலை சரின்னா வலது கையைத் தூக்குவேன். தூக்கலைன்னா கேட்டுக்கிட்டே இருங்க.”

“என்னக்கா இது, முகத்தைப் பாக்காம எப்படி யாவாரம் பண்றது?” என்றார் மீசைக்காரர்.

“என் முதுகைப் பாத்துக் கேளுய்யா. முதுகு சிரிக்காது.”

அன்றைக்கும் குறைத்துத்தான் கேட்டார்கள். சிரிப்புச் சத்தம் வந்தது. தோள்கள் குலுங்கின. ஆனால் வலது கை மடியை விட்டு எழவில்லை. சுவரைப் பார்த்து ஒருத்தி சிரித்துக்கொண்டே இருக்க, எதிரில் ஒரு முகமும் இல்லாமல் கூடச் சேர்ந்து சிரிக்க யாராலும் முடியவில்லை. எல்லோருக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. விலை தானாக ஏறியது. கை எழுந்தபோது அந்த மண்டியில் ஈ பறக்கிற சத்தம் கேட்டது.

பிற்பாடு என்னிடம், “மூஞ்சி வேஷக்காரி தம்பி. அதை நம்பி இத்தனை நாள் யாவாரம் பண்ணிட்டேன்” என்றார். தோட்டக்காரர்கள் திரும்பி வந்தார்கள். முசிறிக்காரரின் அடுத்த வெட்டு நல்ல விலைக்குப் போன அன்று, அக்கா நாற்காலியில் உட்கார்ந்து ஓவென்று அழுதார். சுமைக்காரர்கள் தண்ணீர் செம்போடு ஓடி வந்தார்கள். “போங்கடா அந்தாண்ட. சந்தோஷமா இருக்கேன், தெரியலை?” என்று அழுகைக்கு நடுவில் திட்டினார்.

இரண்டாவது தடவை பக்கவாதம் வந்தபோது தூக்கத்திலேயே போய்விட்டார்.

பேனரை நான் தொடவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து மண்டி திறந்த காலையில் நான் இலைக்குப் போனேன். நாற்காலி பழையபடி வெளிப்பக்கம் பார்த்துப் போடப்பட்டிருந்தது. மகன் உட்கார்ந்திருந்தான். அவன் தலைக்கு மேல் அதே படத்தைச் சட்டம் போட்டு, சந்தன மாலை சாத்தி மாட்டியிருந்தான். அக்கா காதைப் பிடித்தபடி மண்டி முழுவதையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

முசிறிக்காரரின் தார்தான் அன்றைக்கும் முதலில் இறங்கியது. மீசைக்காரர் ஒரு விலை சொன்னார். மகன் பேசாமல் இருந்தான். மீசைக்காரர் அண்ணாந்து படத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

“அப்புறம் என்ன தம்பி யோசனை? அக்காவே மேலேர்ந்து பல்லைக் காட்டிட்டாங்க. முடிச்சுடுங்க.”

கூட்டம் சிரித்தது. எல்லோரும் சிரித்தார்கள். செத்தும் அந்த மனுஷியை விடவில்லை. நான் கையிலிருந்த இலைக்கட்டைக் கீழே போட்டேன். வாயைத் திறப்பதற்குள் முசிறிக்காரர் எழுந்துவிட்டார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, அந்தப் பழைய ஸ்டூலை இழுத்து மகனுக்குப் பின்னால் போட்டு ஏறினார். படத்தை ஆணியிலிருந்து கழற்றி, மாலையோடு திருப்பி, சுவரைப் பார்க்க மாட்டினார். பழுப்பு நிற அட்டையும் நான்கு மூலை ஆணியும்தான் இப்போது தெரிந்தன.

“ஐயா, என்ன பண்றீங்க?” என்று மகன் பாதி எழுந்தான்.

“அம்மா இப்படித்தான் உக்காருவாங்க தம்பி” என்றார் அவர். இறங்கி, தன் தார்களுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

மகன் படத்தின் முதுகைப் பார்த்தான். சிரித்த வாயை மூடாமல் நின்ற மீசைக்காரரைப் பார்த்தான். பிறகு நாற்காலியைத் தூக்கித் திருப்பிப் போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.

“மறுபடி கேளுங்க” என்றான்.

மீசைக்காரர் அதே விலையைச் சொன்னார். அவன் வலது கை மேலே போனது. விலை படிந்துவிட்டதென்று மீசைக்காரர் ஒரு அடி முன்னே வைத்தார். கை அவ்வளவு உயரம் போகவில்லை. காது மடலில் நின்று, அதைப் பிடித்துக்கொண்டது.